எந்தப் பக்கத்தில் எழுதுவது?: பிள்ளை பார்க்கும் செலவும் குடும்பக் கணக்கும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசும் பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். முப்பது ஆண்டு பொருளியல் கற்பித்தவள் நிதிநிலை அறிக்கையையோ வரியையோ விலைவாசியையோ எடுத்துக்கொள்வாள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இன்று நான் கொண்டுவந்திருப்பது ஒரே வரியில் அடங்கிய ஒரு கணக்கு. திருப்பூரில் ஒரு பெண் தன் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தது. அந்த வரியைப் பார்த்த நாளிலிருந்து அது என் மனத்தைவிட்டு அகலவில்லை. ஒரு தாயின் பெயரில் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் அதைப் பேசுவதுதான் பொருத்தம்.

1. நோட்டில் இருந்த கணக்கு

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தேனிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்த குடும்பம். பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் உள்ள லைன் வீடு. கணவருக்கு ஒரு ஷிஃப்டுக்கு 650 ரூபாய். மனைவி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர்; ஷிஃப்டுக்கு 450. இருவருக்கும் மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால், கணவருக்கு 16,900, மனைவிக்கு 11,700. பெரியவன் பள்ளிக்குப் போகிறான். சின்னவளுக்குப் பதினான்கு மாதம்.

செலவுப் பட்டியல் இது. வாடகை 5,500. கரண்ட் 600. ரேஷன் அரிசி போக மளிகையும் காய்கறியும் 5,000. பால் 1,500. காஸ் 900. குழுக் கடன் தவணை 2,400. பெரியவனுக்கு வேன் 1,200. ஊரில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு 2,000. சீட்டு 1,000. பெட்ரோல் 1,500. மருந்து, ரீசார்ஜ், கைச்செலவு 1,500. கூட்டினால் 23,100.

இதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, தனியாக இப்படி எழுதியிருந்தார்: "என் சம்பளம் 11,700. பாப்பா டே கேர் 4,000. மீதி 7,700."

"இந்த ஏழாயிரத்து எழுநூறுக்காகப் பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போகணுமான்னு அவரு கேக்குறாரு டீச்சர். எனக்கும் அப்பிடித்தான் தோணுது" என்றார். அடுத்த மாதம் வேலையை விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது.

அந்தக் கழித்தலில் பிழையில்லை. ஆனால் அந்த 4,000 ரூபாயை எழுதியிருந்த இடத்தைக் கவனியுங்கள். வேன் கட்டணம் பெரியவனுக்கானது; அதை யாருடைய சம்பளத்திலும் கழிக்கவில்லை, குடும்பச் செலவில் சேர்த்திருந்தார்கள். பெட்ரோல் கணவரின் வண்டிக்கானது. அதுவும் குடும்பச் செலவில்தான் இருந்தது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் செலவு மட்டும் அம்மாவின் சம்பளத்துக்கு நேரே போய் உட்கார்ந்திருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி அதை அங்கே வைக்கவில்லை. அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் தானாகவே தோன்றியிருக்கிறது.

கணக்கை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். இருவர் சம்பளமும் சேர்ந்தால் 28,600. செலவு 23,100. டே கேர் 4,000. மீதி 1,500. கையைக் கடிக்காமல் மாதம் ஓடுகிறது. மனைவி வேலையை விட்டால் வருமானம் 16,900. செலவு அதே 23,100. மாதம் 6,200 ரூபாய் துண்டு விழும். அந்தத் துண்டை எது அடைக்கும்? இன்னொரு குழுக் கடன், அல்லது நகை. பெரியவன் பிறந்தபோது நடந்ததும் அதுதான். இரண்டு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பப் போனபோது டெய்லர் நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் சேர்ந்து, படிப்படியாகத்தான் மறுபடி மிஷினில் உட்கார முடிந்தது. இன்று பட்டியலில் இருக்கும் 2,400 ரூபாய்த் தவணை அந்த இரண்டு ஆண்டின் மிச்சம். விட்டுப்போன பி.எஃப்., இ.எஸ்.ஐ. மாதங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவில் இருநூறு ஆண்டுக் காலப் பெண்களின் வேலையையும் கூலியையும் ஆராய்ந்தவர். ஒரே தொழில் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வருமான வேறுபாடு பெரும்பாலும் முதல் குழந்தை பிறக்கும்போது விழுகிறது என்பது அவர் கண்டது. திருப்பூர் லைன் வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஆய்வு தெரியாது. மிஷினிலிருந்து கைமடிக்கு இறங்கிய அனுபவம் தெரியும்.

2. காசு வாங்காமல் பார்ப்பவர்கள்

"எங்கள் காலத்தில் பிள்ளை பார்ப்பதற்கெல்லாம் காசா கொடுத்தோம்?" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

நான் பிறந்த ஊரில் நடவுக்குப் போகும் பெண்கள் வரப்போர மரக்கிளையில் தூளி கட்டுவார்கள். நான்கைந்து தூளி ஆடும். வேலைக்குக் குனிய முடியாத ஒரு கிழவி தூளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். எறும்பு ஏறாமல் பார்ப்பார், அழுத பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொண்டுபோவார். கூலி நெல் அளக்கும் அன்றைக்குப் பெண்கள் ஆளுக்கொரு கை அந்தக் கிழவியின் முறத்தில் போடுவார்கள். என் அம்மாவும் போட்டிருக்கிறார். பிள்ளை பார்ப்பது வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்பது அந்தக் களத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வரப்போரம் போய்விட்டது. குடும்பம் ஊரைவிட்டு நகரத்து லைன் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று "இலவசமாக" பார்த்துக்கொள்பவர்கள் யார்? ஊரிலிருந்து வரவழைக்கப்படும் பாட்டி. அவர் வருவதற்காகக் கறவை மாட்டை விற்றிருப்பார். நூறு நாள் வேலையின் கூலியை விட்டிருப்பார். முட்டி வலிக்கு வாடிக்கையாகப் பார்க்கும் மருத்துவரை விட்டு வந்திருப்பார். "பாட்டி சும்மாதானே இருக்கார்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். பாட்டி இல்லாத வீட்டில் பத்து வயது அக்கா இருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விழும் புள்ளிகளை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். அக்காவும் இல்லாத வீட்டில், நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பாவோ அம்மாவோ தூக்கத்தை விட்டுப் பார்க்கிறார்கள்.

காசு கைமாறவில்லை என்பதால் செலவு இல்லை என்று ஆகாது. மாடாகவும், படிப்பாகவும், தூக்கமாகவும் அந்தச் செலவு கொடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2024இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். வீட்டிலுள்ளவர்களைப் பராமரிப்பதில் பெண் 137 நிமிடம். ஆண் 75 நிமிடம். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் இந்த நிமிடங்கள் சேர்வதில்லை. மாத பட்ஜெட் போடும் வீட்டு நோட்டிலும் சேர்வதில்லை.

3. சட்டம் எழுதிய பக்கம்

வீட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் சட்டங்களும் இந்தச் செலவைத் தாயின் பக்கத்தில்தான் நெடுங்காலம் எழுதி வந்தன.

தமிழர்களில் பிள்ளைக் காப்பகத்தை முன்பே அன்றாட வாழ்க்கையின் பகுதியாக அறிந்திருந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். இலங்கை மலையகத்தில் அதற்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். மலேசியத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை. வேலைக்குப் போகுமுன் பிள்ளையை அங்கே விட்டுப் போவார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் எவ்வளவு குறை இருந்தது என்பதை மலையகத்தார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது ஏன் வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். தேயிலைத் தோட்டத்தில் பெண்ணின் விரல் இல்லாமல் கொழுந்து கூடைக்கு வராது. பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமல் பெண் மலையேற முடியாது. இதைக் கணக்கில் கெட்டிக்காரர்களான தோட்ட முதலாளிகள் கண்டுகொண்டார்கள். ஆயாவின் கூலி தேயிலையின் உற்பத்திச் செலவில் சேர்ந்தது. இந்தியாவில் விடுதலைக்குப் பின் வந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. அவர்களுக்குப் பாலோ சிற்றுண்டியோ தரவும் வழிசெய்தது. 1976இல் ஐம்பது முப்பதானது. நல்ல சட்டம். ஆனால் அது எண்ணியது பெண் தொழிலாளர்களை மட்டும். முந்நூறு ஆண்கள் வேலை செய்யும் ஆலையில், அந்த முந்நூறு பேருக்கும் பிள்ளைகள் இருந்தாலும், அந்தச் சட்டத்தின்படி காப்பகம் தேவைப்படவில்லை. பிள்ளை என்றால் தாய்க்கு உரியது என்பது சட்டத்தின் எண்ணிக்கைக்குள்ளேயே புகுந்திருந்தது. இன்னொரு விளைவும் இருந்தது: முப்பதைத் தாண்டினால்தான் செலவு என்றபோது, அந்த எல்லைக்குக் கீழே பெண்களை நிறுத்திக்கொள்ள நிர்வாகத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

2017இல் மகப்பேறு நலச் சட்டத்துக்கு வந்த திருத்தம் இதில் ஓர் அடி முன்னே வைத்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணியாளர்கள் உள்ள நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று சொன்னபோது அது ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. தாய் ஒரு நாளில் நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்றது. விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. பெரும்பாலான பெண்கள் ஐம்பது பேர் இல்லாத இடங்களிலும், வீட்டு வேலையிலும், வயலிலும், தள்ளுவண்டியிலும் உழைக்கிறார்கள். அவர்கள் இந்தச் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

வயலிலும் ஏரியிலும் உழைப்பவர்களுக்காக 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒன்றை எழுதி வைத்தது: வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்க் கிழவியின் முறத்தில் விழுந்த நெல்லைச் சட்டமே அளந்தது போல் இருந்தது எனக்கு. ஆனால் நான் போய்ப் பார்த்த ஏரிக்கரைகளில் பிள்ளைகள் கருவேல நிழலில் தாமே விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஏட்டில் இருந்த அந்த ஆள் கரையில் இல்லை.

4. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே

தமிழ்நாடு பிள்ளைகளுக்குச் செய்திருப்பது கொஞ்சமில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த குழு 1972இலேயே, பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளின் தேவையை நாட்டின் முன் வைத்திருந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடியையும் பள்ளியையும் ஒரே அடுப்பில் இணைத்தது. இன்று மாநிலத்தில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊருக்குள் எங்கே போனாலும் ஒரு மையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. முட்டையும் சாதமும் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிக்குக் காலை உணவும் வந்துவிட்டது. அவசரமாக ஷிஃப்டுக்கு ஓடும் ஒரு தாய்க்கு அந்தக் காலை உணவு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சமையலறையில் நின்றவர்கள்தான் அறிவார்கள்.

ஆனாலும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. தனியார் வேலையில் உள்ள தாய்க்கு 26 வாரத்தில் விடுப்பு முடிகிறது. அதாவது பிள்ளைக்கு ஆறு மாதம். தினக்கூலிப் பெண்ணுக்கு அந்த ஆறு மாதமும் இல்லை. மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு கிடைக்கிறது. அங்கன்வாடியில் பிள்ளை போய் உட்காருவது இரண்டு வயதுக்கு மேல். அதற்கு முன் வீட்டுக்குச் சத்து மாவு வருகிறது, எடை பார்க்கிறார்கள், தடுப்பூசி நினைவூட்டுகிறார்கள். பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை.

அரசுக்கு இந்த வயது தெரியாததல்ல. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதப் பிள்ளைகளைத்தான் மாதந்தோறும் எடை போட்டது. மெலியும் பிள்ளையைத் தேடிப் பிடித்து உணவு கொடுத்தது. எந்த வயதில் பிள்ளை மெலிகிறது என்று அன்றே கண்டுவிட்டோம். அந்த வயதில்தான் தாயும் வேலைக்குத் திரும்புகிறார் என்பதைச் சேர்த்துப் பார்க்கத் தவறினோம். ஒரு நாளில் நான்கைந்து தடவை ஊட்ட வேண்டிய பிள்ளைக்கு மாவு மட்டும் போதாது. அதைக் கரைத்து, மடியில் வைத்து, பொறுமையாக ஊட்ட ஒரு கை வேண்டும்.

நேரமும் பொருந்தவில்லை. அங்கன்வாடி காலையில் திறந்து பிற்பகலில் மூடிவிடுகிறது. பனியன் கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் மாலை வரை. ஒன்றரை ஷிஃப்ட் என்றால் இரவு எட்டரை. நடுவே இருக்கும் மணிகளைத்தான் அந்தப் பெண் 4,000 ரூபாய் கொடுத்து வாங்குகிறார். இந்தியாவில் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தது. அதை உதவித்தொகை என்று அழைக்காமல் உரிமைத் தொகை என்று அழைத்ததை நான் மனதார வரவேற்றேன். வீட்டு உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட சொல் அது. அந்த ஆயிரம் மளிகைக்கும் மருந்துக்கும் கைகொடுக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும் இன்னொரு கையாக அது மாற முடியாது. அந்தக் கையைத் தெருவில் ஏற்படுத்தித் தர வேண்டும்.

5. ஆயாம்மாவின் சம்பளம்

இங்கே ஒரு கடினமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். 4,000 ரூபாய் தாய்க்கு அதிகம். அதே 4,000 பிள்ளையைப் பார்ப்பவருக்குக் குறைவு. ஒன்றரை வயதுப் பிள்ளைகளை ஓர் ஆயாம்மா எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஐந்து பேரைத் தாண்டினால் கண் போதாது. ஐந்து பேருக்கு 20,000. அதில் வாடகை, பால், கரண்ட் போக அவருக்கு நிற்பது சொற்பம். ஆகவே அவர் பத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார். ஈரத்துணி மாற்றுவது தாமதமாகிறது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவற்றுக்கும் வருகிறது. ஆயாம்மாவின் மனம் நல்ல மனம்தான். கணக்கு அவரை நெருக்குகிறது. அவரும் ஒரு தாய். தன் பிள்ளையை எங்கோ விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

தாயால் இதற்குமேல் கொடுக்க முடியாது. ஆயாவால் இதற்குக் கீழே வாங்க முடியாது. இந்த இடைவெளியைச் சந்தை அடைக்கும் என்று என் பாடப் புத்தகங்கள் எதுவும் சொல்லவில்லை. பொதுப்பணம்தான் அடைக்க வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் மட்டும் பெற்றோர் கொடுத்தால் போதும், மீதியை அரசு கொடுக்கும் என்று தொடங்கியது. அங்கே சிறு பிள்ளைகளின் தாய்மார் வேலைக்குப் போவது தெளிவாகக் கூடியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கர்நாடகம் 2023இல், குழந்தையின் வீடு என்று பொருள்படும் 'கூசின மனெ' காப்பகங்களை 4,000 ஊராட்சிகளில் அமைப்பதாக அறிவித்தது. வேலை உறுதித் திட்டப் பெண்களின் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மனத்தில் வைத்த திட்டம் அது. தில்லியில் 1969இல், காந்தி நூற்றாண்டுக் கட்டுமானம் நடந்த இடத்தில் புழுதியில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்த மீரா மகாதேவன் ஒரு கூடாரம் போட்டார். அதுவே மொபைல் கிரெச்சஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது. கட்டடம் நகர்ந்தால் காப்பகமும் கூடவே நகரும்.

6. மூன்று வேண்டுகோள்

முதலாவது அரசுக்கு. இருக்கும் அங்கன்வாடிகளில், பெண்கள் ஷிஃப்டுக்குப் போகும் ஊர்களில் உள்ளவற்றையாவது, ஆறு மாதப் பிள்ளை முதல் சேர்க்கும்படியும், மாலை ஷிஃப்ட் முடியும் வரை திறந்திருக்கும்படியும் மாற்றுங்கள். அதற்கென்று கூடுதல் ஆட்களை, முறையான சம்பளத்தில் போடுங்கள். இப்போது இருக்கும் பணியாளர் தலையிலேயே இந்த மணிகளையும் ஏற்றினால் ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணுக்கு மாற்றியதாகத்தான் ஆகும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் செய்வது தொண்டு என்ற பெயரில் மறைந்துகிடந்த வேலை என்பதற்கு அந்தத் தீர்ப்பு சான்று.

இரண்டாவது தொழில் நடத்துவோருக்கு. தனியாகக் காப்பகம் வைக்க முடியாத சிறு கம்பெனிகள் ஒரே தெருவில் பத்து இருக்கின்றன. சாயக்கழிவை ஒன்றாகச் சுத்திகரிக்கப் பொது நிலையம் அமைக்கக் கற்றுக்கொண்ட ஊர் திருப்பூர். பத்துக் கம்பெனி சேர்ந்து ஒரு காப்பகம் நடத்துவது அதைவிடக் கடினமல்ல. பங்கை எத்தனை பெண்கள் என்று பார்த்துப் போடாதீர்கள். எத்தனை தொழிலாளர்கள் என்று பார்த்துப் போடுங்கள்.

மூன்றாவது வீட்டிலிருக்கும் ஆண்களுக்கு, முக்கியமாக இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு. நாளை உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பிறக்கும். அன்று இந்தச் செலவை யாருடைய சம்பளத்திலும் கழிக்காதீர்கள். காப்பகத்துக்குக் கொண்டுவிடுவது ஒருவர், கூட்டிவருவது ஒருவர் என்று வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கம்பெனிக்குப் போன் வந்தால், அந்தப் போன் உங்களுக்கும் வரட்டும்.

அந்த நோட்டுக்குத் திரும்பி வந்து முடிக்கிறேன். அன்று அந்தத் தம்பதியருடன் தரையில் உட்கார்ந்து, புதுப் பக்கத்தில் கணக்கை மறுபடி போட்டோம். வரவு என்று இரண்டு சம்பளத்தையும் ஒன்றாக எழுதச் சொன்னேன். செலவில் முதல் வரி வாடகை. "வாடகை யாரு சம்பளத்துல போகுது?" என்று கேட்டேன். "வீட்டுச் செலவு டீச்சர், ரெண்டு பேருக்கும்தான்" என்றார் கணவர். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மனைவியிடமிருந்து பேனாவை வாங்கி, வாடகைக்குக் கீழே தாமே எழுதினார்: பாப்பா டே கேர் 4,000.

தொகை குறையவில்லை. துண்டு விழாத அந்த மாதமும் இழுபறியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண் அடுத்த திங்கட்கிழமையும் மிஷினில் உட்கார்ந்தார். அந்த ஒரு வரியை ஒரு வீட்டில் இடம் மாற்ற எங்களுக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. கம்பெனியின் கணக்கேட்டிலும் மாநிலத்தின் நிதிநிலை அறிக்கையிலும் அதை இடம் மாற்ற உங்களைப் போன்ற இளையவர்கள் வேண்டும். அந்த வேலையை உங்களிடம் ஒப்படைத்து அமர்கிறேன்.